யுவால் குன்றின் திராட்சை: மலையேறி ஒருவர் ஒயின் பண்ணைக்கு உரிமையாளரான வழி

மலையேற்றம், பனிச்சறுக்கு, நெடுந்தொலைவு மிதிவண்டிப் பந்தயம் போன்றவற்றில் பெயர் பெற்ற சிலர் பிற்காலத்தில் சிறிய ஒயின் பண்ணைகளுக்கு உரிமையாளர்கள் ஆகிறார்கள். இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது, மலையில் பழகிய துணிவும் உடல் வலிமையும் அதற்கு உதவுகின்றனவா, இல்லை பெயரும் பணமும் உள்ள எவரும் செய்யக்கூடிய காரியந்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பேசினால் இதற்கு மழுப்பலான விடைதான் கிடைக்கும் என்பதால், ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். அவர் இத்தாலியின் வடக்கு எல்லையில் உள்ள தென் டிரோலைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் மெஸ்னர். சுருக்கமான விடை வேண்டுமென்றால், மெஸ்னர் ஒயின் வடிக்கும் கலைஞராக மாறவில்லை. அந்தக் கலை தெரிந்தவர்களின் கையில் தம் நிலத்தைக் கொடுத்தார். அவருடைய வழியில் எனக்கு மிகவும் பாடமாகத் தோன்றுவது இந்த ஒரு முடிவுதான்; மற்றவை யாவும் அதைச் சூழ்ந்து அமைந்தவை.

மெஸ்னர் 1944 செப்டம்பரில் பிரிக்சன் நகரில் பிறந்து, வில்னஸ் என்னும் சிறு பள்ளத்தாக்கில் பள்ளி ஆசிரியர் ஒருவரின் பிள்ளைகளுள் ஒருவராக வளர்ந்தவர். தந்தையுடன் 5 வயதிலேயே மூவாயிரம் மீட்டர் உயரமுள்ள டோலமைட் சிகரம் ஒன்றில் ஏறியவர். 1970இல் தம்பி குந்தருடன் பாகிஸ்தானில் உள்ள நாங்கா பர்பத் சிகரத்தின் ரூபால் முகப்பில் ஏறி உச்சியை அடைந்தார். இறங்கும் வழியில் தம்பி இறந்துபோனார், இவருடைய கால்விரல்களுள் பல உறைபனியால் கருகி வெட்டி எடுக்கப்பட்டன. செங்குத்துப் பாறையில் நுனிக்காலால் பற்றி ஏறும் திறன் அத்துடன் குன்றியதால்தான் அவர் இமயத்தின் பேருயரங்களை நோக்கி முழுமையாகத் திரும்பினார். 1978 மே 8ஆம் நாள் ஆஸ்திரிய மலையேறி பீட்டர் ஹாபெலருடன் பிராணவாயுக் குப்பி இல்லாமல் எவரெஸ்டில் ஏறியதும், 1980 ஆகஸ்டில் அதே சிகரத்தைத் தன்னந்தனியாக அடைந்ததும், 1986 அக்டோபரில் லோட்சே சிகரத்துடன் எண்ணாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட பதினான்கு சிகரங்களையும் ஏறி முடித்ததும் பலருக்குத் தெரிந்த செய்திகள்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஓர் ஆண்டுக் கணக்கை. வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் உள்ள யுவால் கோட்டையை அவர் வாங்கியது 1983இல். அந்த ஆண்டின் முடிவில் பதினான்கில் பத்துச் சிகரங்கள் முடிந்து, அன்னபூர்ணா, தவுளகிரி, மகாலு, லோட்சே ஆகிய நான்கும் எஞ்சியிருந்தன. ஓய்வு பெற்ற வீரர், பொழுது போகாமல், சேர்த்த பணத்தைக் கொண்டு திராட்சைத் தோட்டம் வாங்கினார் என்ற வழக்கமான சித்திரம் இங்கே பொருந்தாது. ஆண்டின் பெரும்பகுதியை ஆசிய மலைகளில் கழித்துக்கொண்டிருந்தவர், திரும்பி வந்து தங்க ஓர் இடத்தைத் தேடினார். அந்த இடம் வீடாக மட்டும் இராமல் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும் மலைப்பண்ணையாகவும் இருக்க வேண்டும் என்று எண்ணினார். ஒயின் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாக, காலத்தால் சற்றுப் பிந்தி வந்தது.

யுவால் எத்தகைய இடம் என்பதைச் சொல்லாமல் அங்கு விளையும் ஒயினைப் பற்றிப் பேச முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தக் கோட்டை, ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கு வந்து வின்ஷ்காவுடன் சேரும் முனையில், கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்குச் சற்று மேலாக, ஒரு பாறைத் திட்டின் மீது நிற்கிறது. ஷ்னால்ஸ் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய பனிமலையில்தான் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஏட்சி’ என்ற மனிதனின் உடல் 1991இல் கண்டெடுக்கப்பட்டது. தற்செயலாக அந்நாள்களில் எல்லையோரமாக நடைப்பயணம் மேற்கொண்டிருந்த மெஸ்னரும் ஓரிரு நாளில் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தார். கோட்டையின் கீழே, குன்றின் சரிவில், உன்டரோர்ட்டல் என்ற பழைய பண்ணை இருக்கிறது. ஒயின் பண்ணை என்று நாம் பேசுவது இதைத்தான். திராட்சை நிலம் ஏறத்தாழ 4 ஹெக்டேர், நம் கணக்கில் பத்து ஏக்கர். அது 600 மீட்டரிலிருந்து 850 மீட்டர் உயரம் வரை படிப்படியாக ஏறிச் செல்கிறது.

வின்ஷ்காவ் அடிப்படையில் ஆப்பிள் பள்ளத்தாக்கு; திராட்சை அங்கே சிறுபான்மைப் பயிர். இரு பக்கமும் உயர்ந்த மலைத்தொடர்கள் மழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர்தான். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. இந்த வறட்சி திராட்சைக்கு இரண்டு விதமாக நன்மை செய்கிறது. இலையிலும் குலையிலும் ஈரம் தங்காததால் அடிச்சாம்பல் நோய் போன்ற பூஞ்சாணத் தொல்லைகள் குறைகின்றன. பள்ளத்தாக்கில் ஓயாமல் வீசும் காற்று மிச்ச ஈரத்தையும் உலர்த்திவிடுகிறது. ஆனால் மழை இல்லாத இடத்தில் தண்ணீர் வேண்டுமே. பனியாறுகளிலிருந்து வரும் நீரைச் சரிவின் குறுக்கே பல கிலோமீட்டர் இழுத்துவரும் வாய்க்கால்களை அங்குள்ள உழவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வெட்டினார்கள். உள்ளூரில் அவற்றுக்கு ‘வால்’ என்று பெயர். நம் ‘வாய்க்கால்’ காதில் விழுவது போலவே இருக்கிறது என்பது வெறும் ஒலி ஒற்றுமைதான் என்றாலும் எனக்குப் பிடித்த ஒற்றுமை. யுவால் குன்றை ஒட்டி ஓடும் ஷ்னால்ஸ் வாய்க்கால் அத்தகையவற்றுள் ஒன்று. அதன் கரையோரப் பாதையில் இன்று நடைப்பயணிகள் போகிறார்கள்.

உயரத்தின் வேலை வேறு. நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ அரை பாகைக்குச் சற்று மேல் குறையும் என்பது பொதுவான கணக்கு. தெற்கு நோக்கிய சரிவு பகல் முழுதும் வெயிலைக் குடிக்கிறது. இரவில் பனிமலைப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. பழம் பகலில் சர்க்கரையைச் சேர்க்கிறது, குளிர்ந்த இரவில் தன் புளிப்பை விரைவாக எரித்துவிடாமல் வைத்துக்கொள்கிறது. தாழ்ந்த வெப்பமான நிலத்தில் இனிப்பு ஏறும்போது புளிப்பு சரிந்துவிடும், சுவை தட்டையாகிவிடும். இங்கே இரண்டும் சேர்ந்து நிற்பதால்தான், தென் டிரோலில் பரவலாகப் பயிரிடப்படாத ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை யுவாலின் அடையாளமாயிற்று. அதில் சிறந்த பகுதியிலிருந்து எடுக்கும் ஒயினுக்கு ‘விண்ட்பிஹல்’ என்று பெயர். காற்றுமேடு என்று பொருள் கொள்ளலாம். வெள்ளைப் பினோ, முல்லர் துர்காவ், சிவப்பில் பினோ நுவார் ஆகிய திராட்சை வகைகளும் அங்கே உண்டு.

இத்தகைய நிலத்தை வைத்திருப்பது ஒன்று, அதில் பயிர் செய்வது வேறொன்று. 1992இல் மார்ட்டின் அவுரிஷ், கிசெலா அவுரிஷ் என்ற தம்பதியர் உன்டரோர்ட்டலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். இன்று ஒயின் அறிந்தவர்கள் யுவாலைப் பற்றிப் பேசும்போது பாராட்டுவது பெரும்பாலும் அவர்களுடைய உழைப்பையே. எவரெஸ்டின் உச்சியில் பிராணவாயுக் குப்பியைக்கூட அயல் உதவி என்று மறுத்தவர், திராட்சை விஷயத்தில் உதவியை முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்பதில் ஒரு முரண் தெரிகிறது. என் பார்வையில் அது முரண் அன்று. மலையில் தன் திறனின் எல்லை எங்கே என்பதைத் துல்லியமாக அறிந்தவர்தான் உயிருடன் திரும்புகிறார். அதே கணக்கை அவர் நிலத்திலும் போட்டார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

குத்தகை என்றால் என்ன, அது யார் தோளில் எந்தச் சுமையை வைக்கிறது என்பது நம் ஊரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒயினில் அதற்கு ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: காலம். புதிய திராட்சைக் கொடியை நட்டால் மூன்றாம் ஆண்டில்தான் பயனுள்ள முதல் அறுவடை கிடைக்கும். முழு விளைச்சலுக்கு மேலும் ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஐரோப்பியக் கொடியை அப்படியே நட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த வேர்ப்பூச்சிக்குத் தப்ப, அமெரிக்க இன வேர்ச்செடியின் மேல் ஒட்டுக்கட்டிய கன்றைத்தான் நட வேண்டும். அறுத்த பழத்தைப் பிழிந்து, நொதிக்க வைத்து, தெளியவிட்டு, புட்டியில் அடைத்து விற்கும்வரை இன்னும் பல மாதங்கள் போகும். ஆக, முதல் மண்வெட்டிக்கும் முதல் வரவுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் செலவு மட்டுமே. ஒரு கொடி நன்கு பராமரித்தால் முப்பது, நாற்பது ஆண்டு வாழும் என்பதால், நெடுங்காலத்துக்கு நம்பிக்கை இல்லாத எந்தக் குத்தகையாளரும் நல்ல கொடியை நட மாட்டார். அவுரிஷ் தம்பதியர் பல்லாண்டுகள் அங்கேயே நிலைத்ததால்தான் யுவால் ஒயினுக்கு ஒரு முகம் உண்டாயிற்று.

வருமானத்தின் அளவையும் ஒரு தோராயக் கணக்காகப் பார்க்கலாம். தரத்தை நாடுபவர்கள் விளைச்சலைக் குறைத்தே எடுப்பார்கள். ஹெக்டேருக்கு 5,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 4 ஹெக்டேருக்கு 20,000 லிட்டர், அதாவது 750 மில்லிலிட்டர் புட்டிகளில் இருபத்தாறாயிரத்துக்குச் சற்று மேல். கேட்கப் பெரிதாகத் தோன்றும். ஆனால் புட்டி, மூடி, அட்டைப்பெட்டி, எஃகுக் கலன்கள், பிழிபொறி, வரி, அறுவடைக் கூலி எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வர வேண்டும். தென் டிரோலில் சுமார் ஐயாயிரம் குடும்பங்கள் திராட்சை பயிரிடுகின்றன; ஒரு குடும்பத்திடம் சராசரியாக ஒரு ஹெக்டேர் அளவே இருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களே ஒயின் வடிப்பதில்லை. பழத்தைக் கூட்டுறவு ஒயின் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள், அப்பகுதி ஒயினில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அந்தச் சங்கங்களிலிருந்தே வருகிறது. பயிர் செய்து, வடித்து, தன் பெயரில் புட்டியிலிட்டு விற்கும் சிறு பண்ணை அங்கே விதிவிலக்கு. உன்டரோர்ட்டல் பழச்சாராயமும் காய்ச்சி விற்பதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் அன்று என்று ஊகிக்கலாம். ஆப்பிளும் பாதாமி (ஏப்ரிகாட்) பழமும் மலிந்த பள்ளத்தாக்கில் அது ஒயினுக்குத் துணைநிற்கும் இரண்டாவது வரவு.

துணிவும் உடல் வலிமையும் உதவுமா என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கிறது. இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் இயங்கும் செர்விம் என்ற அமைப்பு மலைத் திராட்சைச் சாகுபடிக்கென்று சில அளவுகோல்களை வகுத்திருக்கிறது: சரிவு முப்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது உயரம் 500 மீட்டருக்கு மேல், அல்லது படிக்கட்டு வயல், அல்லது சிறு தீவு. இத்தகைய சாகுபடிக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் ‘வீரச் சாகுபடி’. டிராக்டர் ஏற முடியாத இடத்தில் கவாத்தும் கட்டுதலும் களையெடுத்தலும் அறுவடையும் கையால்தான் நடக்கும். சமதளத் தோட்டத்தில் ஆகும் மனித உழைப்பைப் போலப் பன்மடங்கு இங்கே ஆகும். யுவால் இந்த வகையைச் சேர்ந்தது. ஆனால் அந்த வீரப் பட்டம் கவாத்துக் கத்தியைப் பிடிப்பவருக்கு உரியது. கோட்டையில் வாழ்பவருக்கு அன்று.

உடல் வலிமைக்கு இங்கே வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. மலையில் பழகிய வேறொரு திறன்தான் இங்கே பயன்படாமல் போகிறது: திரும்பிவிடும் திறன். வானிலை மோசமானால் மலையேறி கீழே இறங்கிவிடலாம். சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். ஆகஸ்டில் ஆலங்கட்டி மழை கொட்டினால் திராட்சைக்காரர் எங்கும் இறங்கிப் போக முடியாது. அந்த ஆண்டின் பயிர் முழுதும் அரைமணி நேரத்தில் சிதைந்து தரையில் கிடக்கும். ஏப்ரலில் தளிர் விட்டபின் வரும் பின்பனியும் அப்படித்தான். மேலும் மலையேற்றம் தீவிரமான சில வாரங்களின் வேலை. திராட்சை ஆண்டு முழுதும் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட வேலையைக் கேட்கும் பயிர். அந்த 1992ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெஸ்னர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள்: 1989-90இல் ஜெர்மானியப் பனிப்பயணி அர்வெட் ஃபுக்ஸுடன் அன்டார்டிகாவை 92 நாள்களில் கால்நடையாகக் கடந்தார், 1993இல் கிரீன்லாந்தின் பனிப்பாலையைக் கடந்தார். இப்படிப்பட்டவர் பிப்ரவரியில் கவாத்துக்கும் ஜூனில் தளிர் கிள்ளவும் எப்படி இருப்பார்? குத்தகை அவருடைய பணிவுக்கு மட்டும் அன்று, நாட்காட்டிக்கும் ஏற்ற ஏற்பாடு. இடையில் ஒரு துணைச்செய்தி: இத்தனை பயணங்களிலிருந்தும் திரும்பிவந்த அவர், 1995இல் தம் சொந்தக் கோட்டைக்குள் நுழையச் சாவி இல்லாமல் மதிலேறிக் குதிக்கப்போய்க் குதிகால் எலும்பை நொறுக்கிக்கொண்டார்.

அதே 1995இல்தான் யுவால் கோட்டையின் ஒரு பகுதி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பிற்பாடு ஆறாக விரிந்த மெஸ்னர் மலை அருங்காட்சியகங்களில் அதுவே முதலாவது. பெயர் என்ன செய்யும் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. புகழ் ரீஸ்லிங்கின் தரத்தை ஒரு துளிகூட உயர்த்தாது. ஆனால் வாங்குபவரை அது குன்றின் மேலே நடத்திக் கொண்டுவரும். திபெத்தியச் சிலைகளையும் முகமூடிகளையும் காண வருபவர்கள் திராட்சைச் சரிவைக் கடந்து ஏறுகிறார்கள், குன்றின் விடுதியில் உணவு கொள்கிறார்கள், அடிவாரத்தில் உள்ள உழவர் அங்காடியில் பொருள் வாங்குகிறார்கள். இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்கும் ஒவ்வொரு புட்டியும் சிறு பண்ணைக்கு உயிர்நாடி என்பதால், நிலத்தைக் கொடுத்ததற்கு அடுத்தபடியாக மெஸ்னர் யுவால் ஒயினுக்குச் செய்த பெரிய உதவி அந்தக் கோட்டை வாசலைத் திறந்துவிட்டதுதான் என்று சொல்வேன்.

எல்லா வீரர்களும் இந்த வழியில் வந்தவர்கள் அல்லர். அதே மலைநாட்டில், சற்றுத் தெற்கே, முற்றிலும் எதிர்த்திசையில் நடந்தவர் ஒருவர் இருக்கிறார்: மிதிவண்டி வீரர் பிரான்செஸ்கோ மோசர். 1951இல் டிரென்டோ நகருக்கு வடக்கே செம்ப்ரா பள்ளத்தாக்கின் பாலு என்ற சிற்றூரில், திராட்சை பயிரிடும் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மாரும் மிதிவண்டி வீரர்கள். 1977இல் உலக வாகையர் பட்டம், 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மும்முறை பாரிஸ்-ரூபே பந்தயம், 1984இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் என்று வென்ற இவருக்குத் திராட்சை பிற்காலக் கண்டுபிடிப்பு அன்று. மிதிவண்டிதான் இடையில் வந்தது. பந்தயத்தில் ஈட்டிய பணத்தைக் கொண்டு டிரென்டோவுக்கு மேலே வில்லா வார்த் என்ற பண்ணையை வாங்கி, குடும்பத்தோடு ஒயினை நடத்தினார். குத்தகைக்கு ஆள் தேட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை, ஏனெனில் கவாத்து அந்த வீட்டிலேயே இருந்த அறிவு. மெஸ்னரின் தந்தை பள்ளி ஆசிரியர், மோசரின் தந்தை உழவர். இருவரின் ஒயின் வழிகளும் பிரிந்ததற்கு எனக்குத் தெரிந்த முதன்மைக் காரணம் இதுதான். விளையாட்டில் யார் பெரியவர் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆகவே, உங்கள் கேள்வியைக் கேட்பவர் தாமே அப்படி ஒரு பண்ணையை வாங்க எண்ணுபவராக இருந்தால், ‘என்னிடம் துணிவு இருக்கிறதா’ என்று தம்மைக் கேட்டுக்கொள்வதில் பயனில்லை. அது அவரிடம் இருக்கும், இல்லாவிட்டால் இந்த எண்ணமே வந்திருக்காது. பிப்ரவரியில் அந்தச் சரிவில் நின்று கொடியில் எந்தக் கண்ணை (முளைமொட்டை) விட்டு எந்தக் கண்ணை வெட்டுவது என்று தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்கிறாரா, இல்லையென்றால் அப்படி ஒருவரை இருபது ஆண்டுகளுக்கு அங்கே தங்கவைக்க எந்த வகை ஒப்பந்தத்தைத் தர முடியும் என்று முதலில் பார்க்கட்டும். நிலம் வாங்குவது அதற்குப் பிறகு.

மோசரைப் பற்றி ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன், பெயரும் பணமும் இருந்தால் போதுமா என்று நீங்கள் கேட்டிருந்ததால். 1984 ஜனவரி 23ஆம் நாள் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கிலோமீட்டர் ஓட்டி அவர் உலக சாதனை படைத்தார். பெல்ஜிய மிதிவண்டி வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் நிறுவிய 49.431 கிலோமீட்டரை அதற்கு நான்கு நாள் முன்பே முறியடித்திருந்தார். அவருடைய பண்ணையில், புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துத் தயாரிக்கும் நுரைக்கும் ஒயினுக்குப் பெயர் ‘51,151’. அந்தச் சாதனையைப் பின்னர் பலர் கடந்துவிட்டார்கள். 2022இல் இன்னோர் இத்தாலியரான ஃபிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் வரை கொண்டுபோனார். புட்டியின் மேல் எண்ணை மாற்றவில்லை.